அக்கி வந்த அம்மாவும் மஞ்சப்பை நிறைய மாத்திரையும் – ஒரு கேஸை முழுசா பிரிச்சுப் பாக்கலாம்

பேர், ஊர் எதுவும் போடல, கேஸை மட்டும் பாப்போம். 61 வயசு அம்மா. டெல்டா பக்கத்து கிராமம். சத்துணவுக் கூடத்துல சமையல் வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. சுகர் பத்து வருஷத்துக்கு மேல இருக்கு, முடக்குவாதம், அதாவது ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ், ஒரு ஆறேழு வருஷமா. வீட்டுக்காரர் தவறி நாலஞ்சு மாசம் ஆச்சு. வீட்டுல மூத்த மகன், மருமக, மருமக ஏழு மாசம் முழுகாம இருக்கா.

பிரச்சனை எப்படி ஆரம்பிச்சுதுன்னா, இடது மார்புக்குக் கீழ இருந்து அக்குள் வழியா முதுகு வரைக்கும் ஒரே எரிச்சல், நடுநடுவுல ஊசி குத்தற மாதிரி சுரீர்னு ஒரு வலி, ஜாக்கெட் துணி பட்டாக்கூட தாங்கல. தோல்ல ஒண்ணுமே இல்ல. இடது பக்கம் மார்வலின்னதும் வீடே பயந்துபோய் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு ராத்திரியோட ராத்திரியா ஓடியிருக்காங்க, ஈசிஜி எடுத்தாங்க, நார்மல், கேஸ் மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. இதுல அங்க பாத்த டாக்டரை குறை சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க, கொப்புளம் வெளிய வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே வலி வந்துடறது இந்த நோயோட வழக்கம், அந்த ரெண்டு நாள்ல இத யாரு பாத்தாலும் ஹார்ட், கேஸ், தசைப்பிடிப்பு, கிட்னி கல்லுன்னுதான் யோசிப்பாங்க. ஆனா ஒரு பக்கமா மட்டும் பட்டை மாதிரி எரிச்சல், தோலைத் தொட்டாலே கூசுது, வயசும் அம்பதுக்கு மேலன்னா "ரெண்டு நாள்ல ஏதாச்சும் கொப்புளம் வந்தா உடனே வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பறது நல்லது.

மூணாம் நாள் சிவப்பா தடிச்சு, அதுக்கு மேல குட்டிக் குட்டி நீர்க்கொப்புளம் கொத்துக் கொத்தா வந்திருக்கு. பக்கத்து வீட்டுல பூரான் கடின்னாங்க, எதிர்வீட்டுல அக்கின்னாங்க. எதிர்வீடு சொன்னதுதான் சரி. உடனே அக்கிக்கு வைத்தியம்னு கொப்புளத்து மேல காவிமண்ணைக் குழைச்சு உருவம் எழுதறவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

எங்க கிட்ட வந்தது கொப்புளம் கிளம்பி மூணாம் நாள் சாயங்காலம். மேல் துணியை விலக்கிப் பாத்தா முதுகெலும்புல இருந்து மார்பு நடு வரைக்கும் காவி. காஞ்சு, வெடிச்சு, செதில் செதிலா நிக்குது, அதுக்குள்ள கோடு கோடா போட்டு நடுவுல ஏதோ ஒரு மிருகத்தோட உருவம். சலைன்ல நனைச்ச பஞ்சை அப்படியே மேல வச்சு ஊறவிட்டு ஊறவிட்டுத்தான் எடுக்க முடிஞ்சது, தேச்சா கொப்புளம் கிழிஞ்சிடும். காவி போனப்புறம் தெரிஞ்ச படம் புத்தகத்துல இருக்கற அதே படம். சிவந்த தோல் மேல கொத்துக் கொத்தா கொப்புளம், சிலது தெளிஞ்ச தண்ணி, சிலது கலங்க ஆரம்பிச்சிருக்கு, முதுகுல சரியா தண்டுவடத்துக்கிட்ட ஆரம்பிச்சு முன்பக்கம் நெஞ்செலும்போட அப்படியே நின்னுடுச்சு. வலது பக்கம் ஒரு புள்ளி கூட இல்ல. ஒரே ஒரு நரம்பு போற பாதை, அவ்வளவுதான்.

இந்த நடுக்கோட்டைப் பத்தி அந்த அம்மாவுக்கு ஒரு பெரிய பயம் இருந்துச்சு. "தம்பி, ரெண்டு முனையும் ஒண்ணு சேந்துட்டா உசுரு போயிடும்னு சொல்றாங்களே"ன்னு கையைப் புடிச்சுக்கிட்டு கேட்டாங்க. கன்னட நாட்டுல இத சர்ப்பசுத்துன்னே சொல்லி, பாம்பு சுத்தி வந்து தலையும் வாலும் தொட்டா அவ்வளவுதான்னு பயப்படுவாங்க, நம்ம பக்கமும் அந்த பயம் உண்டு. வலது பக்கத்துக்கு வேற நரம்பு, இடது பக்கத்துக்கு வேற நரம்பு, அதனால சேர்றதே அபூர்வம்மா, அப்படியே ரொம்ப எதிர்ப்பு சக்தி கெட்டுப்போனவங்களுக்கு உடம்பு பூரா பரவுனாலும் ஆபத்து அந்த பரவல்லதான் இருக்கு, முனை சேர்றதுல இல்லன்னு சொன்னேன். முழுசா நம்புன மாதிரி தெரியல, ஆனா கையை விட்டுட்டாங்க.

நோயைக் கண்டுபிடிக்க டெஸ்ட் எதுவும் தேவைப்படல, கண்ணால பாத்தாலே போதும். முகத்துல, கண்ணு பக்கத்துல, மூக்கு நுனில, காதுல எதுவும் இல்லன்னு பாத்துக்கிட்டோம், ஏன்னா மூக்கு நுனில கொப்புளம் வந்தா கண்ணும் மாட்டிக்க வாய்ப்பு அதிகம், அன்னைக்கே கண் டாக்டர் பாக்கணும். ரத்தத்துல சுகர், கிரியாட்டினின், அணுக்கள் எண்ணிக்கை பாத்தோம். கிட்னி பரவால்ல, சுகர் வெறும் வயித்துலயே 240ஐ தாண்டி நிக்குது. வைரஸை அடக்கற வாலாசைக்ளோவிர் மாத்திரை 1 கிராம் ஒரு நாளைக்கு மூணு வேளை ஏழு நாள், வலிக்கு தனியா. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள்ள இந்த மருந்தை ஆரம்பிக்கறதுதான் நல்லது, இவங்க அந்தக் கடைசி விளிம்புல வந்து சேந்தாங்க. காவி எழுதுறது நல்லதா கெட்டதான்னு நான் சண்டை போடறதில்லைங்க, அந்த நோய் மருந்தே இல்லாட்டியும் ரெண்டுல இருந்து நாலு வாரத்துல தோல்ல ஆறிடும், அதனால காவிக்கு நல்ல பேர் கிடைச்சுடுது. நம்ம கவலை, அங்க போயிட்டு வர்ற ரெண்டு மூணு நாள்ல இந்த 72 மணி நேரம் கரைஞ்சு போயிடுதே, அதுதான்.

சரி, வைத்தியம் முடிஞ்ச கதை. இந்தக் கேஸை எழுதறதுக்கான காரணம் வேற. "ஏன் வந்துச்சு?"

அந்த ரூம்ல நின்ன ஆளுக்கு ஒரு காரணம் வச்சிருந்தாங்க. மகன் சொன்னாரு உடம்பு சூடு, வெயில்ல அலைஞ்சாங்கன்னு. அந்த அம்மா சொன்னாங்க கருவாடு சாப்பிட்டேன்னு. மருமக சொன்னா பக்கத்து வீட்டுப் பையனுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அம்மை போட்டிருந்துச்சு, அத்தை அங்கதான் போய் உக்காந்திருந்தாங்க, அங்க இருந்து ஒட்டிக்கிச்சுன்னு. கூட வந்த தங்கச்சி சொன்னாங்க, "மாமா போனதுல இருந்து அக்கா சாப்பிடறதில்ல தூங்கறதில்ல, மனசு விட்டுப்போச்சு, அதான்". ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்போம்.

சூடும் கருவாடும் உடனே கழண்டுடும், அதப் பத்தி பேச ஒண்ணும் இல்ல.

பக்கத்து வீட்டுப் பையன் விஷயம் அப்படி இல்ல, பாதி உண்மை இருக்கற சந்தேகம் அது. சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸ்தான். ஆனா அம்மை போட்ட பையன்கிட்ட இருந்து பெரியவங்களுக்கு அக்கி வராது. சின்ன வயசுல நமக்கு அம்மை போட்டு இறங்குனப்புறம் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போறதே இல்ல, தண்டுவடத்துக்கு பக்கத்துல இருக்கற நரம்பு முடிச்சுகள்ல போய் பதுங்கிடும், நாப்பது அம்பது வருஷம் கழிச்சு அதுல ஏதோ ஒரு முடிச்சுல இருந்து கிளம்பி அந்த நரம்பு வழியாவே தோலுக்கு வரும். இந்த யோசனையை ஒழுங்கா நிறுவுனவரு ஒரு சாதாரண குடும்ப டாக்டர்ங்க, எட்கர் ஹோப்-சிம்சன்னு பேரு, இங்கிலாந்துல சைரன்செஸ்டர்ங்கற சின்ன ஊர்ல கிளினிக் வச்சிருந்தாரு. 1947ல இருந்து 1962 வரைக்கும் 16 வருஷம், தன்கிட்ட பதிவாகியிருந்த ஏறக்குறைய 3,500 பேர்ல யாருக்கு அக்கி வந்தாலும் குறிச்சு வச்சாரு, மொத்தம் 192 கேஸ். ஊர்ல அம்மை பரவுறப்ப அக்கி கூடவும் இல்ல, அம்மை இல்லாதப்ப குறையவும் இல்ல. அப்ப இது வெளிய இருந்து வர்றதில்ல, உள்ள இருந்துதான் வருதுன்னு 1965ல எழுதுனாரு. அப்புறம் 1984ல ஒரே நோயாளியோட அம்மை வைரஸையும் பின்னாடி வந்த அக்கி வைரஸையும் டிஎன்ஏ அளவுல ஒப்பிட்டு ரெண்டும் ஒண்ணுதான்னு அமெரிக்காவுல காட்டிட்டாங்க. ஒரு பெரிய லேப் இல்லாம நோட்டுப்புத்தகத்தை மட்டும் வச்சு ஒரு மனுஷன் 20 வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சத நினைச்சா எனக்கு இப்பவும் கொஞ்சம் பொறாமையா இருக்கும்.

இன்னொண்ணு, அம்மை போட்ட குழந்தைகளோட பழகுறது பெரியவங்களோட எதிர்ப்பு சக்தியை அப்பப்ப தட்டி எழுப்பி அக்கியை தள்ளிப்போடலாம்னு அவரே சொன்னாரு, பின்னாடி வந்த சில ஆய்வும் அந்தப் பக்கமே சாயுது. அப்படிப் பாத்தா அந்தப் பையன் இந்த அம்மாவுக்கு உதவிதான் பண்ணியிருக்கணும்!

உண்மையில தொத்துற பயம் எதிர்த்திசையில இருக்கு, அத யாருமே கேக்கல. கொப்புளத்துல இருக்கற தண்ணி பட்டா, இதுவரை அம்மையே வராதவங்களுக்கு சின்னம்மை வரும். வீட்டுல ஏழு மாச கர்ப்பிணி. மருமகளைத் தனியா கூப்பிட்டு உனக்கு சின்ன வயசுல அம்மை போட்டிருக்காம்மான்னு கேட்டேன், எட்டாவது படிக்கறப்ப போட்டுச்சு சார், மாரியம்மன் கோயில்ல தண்ணி ஊத்துனாங்கன்னா, நெத்தியில தழும்பும் இருந்துச்சு. நிம்மதி. அவளுக்கு வந்ததே இல்லன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே ரத்தத்துல ஆன்டிபாடி பாத்து மேற்கொண்டு என்ன பண்றதுன்னு யோசிக்கற வேலை ஆயிருக்கும். பொருக்கு தட்டற வரைக்கும் கொப்புளத்தை மூடியே வைங்க, துண்டு தனியா வைங்கன்னு சொல்லி விட்டோம்.

இப்ப வயசு. அக்கிக்கு இருக்கற காரணங்கள்லயே பெரியது இதுதான், ஹோப்-சிம்சன் கணக்குலயே அது பளிச்சுன்னு தெரியுது, பத்து வயசுக்குள்ள இருக்கறவங்கள்ல வருஷத்துக்கு ஆயிரத்துல ஒருத்தருக்கும் கம்மி, எண்பதுகள்ல ஆயிரத்துக்கு பத்து பேர். 85 வயசு வரைக்கும் இருக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு ஒரு தடவையாவது வந்திருக்கும்னு கணக்கு போட்டாரு. இன்னைக்கு அமெரிக்காவுல வாழ்நாள்ல மூணு பேர்ல ஒருத்தருக்கு வரும்ங்கறாங்க. காரணம், இந்த வைரஸை அமுக்கி வைக்கறது ஆன்டிபாடி இல்ல, டி செல்லுங்கற நோயெதிர்ப்பு வெள்ளை அணுக்கள், வயசாக ஆக இந்த வைரஸை அடையாளம் தெரிஞ்ச டி செல்லுங்க பலம் குறையுது, அம்பதைத் தாண்டுனா வேகமா. 2023ல அமெரிக்க செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனுக்கு 89 வயசுல அக்கி வந்து முக நரம்பு வாதம், மூளை அழற்சி வரைக்கும் போச்சு, மாசக்கணக்குல சபைக்கே வர முடியல. அதுக்காக வயசு மட்டும்தான்னு சொல்லிட முடியாது, 2022ல பாடகர் ஜஸ்டின் பீபருக்கு அதே முக வாதம் வந்தப்ப வயசு 28.

ஆக, 61 வயசுங்கறது இந்த அம்மாவுக்கு அடிப்படை ரிஸ்க். அது கூட பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்களை விட கொஞ்சம் அதிகம்ங்கறதும் பல நாட்டு கணக்குல வந்திருக்கு, ஆனா கொஞ்சம்தான். இதே வயசுல அந்தக் கிராமத்துல எத்தனையோ பேர் இருக்காங்க, இவங்களுக்கு ஏன், இந்த மாசம் ஏன்ங்கறதுக்கு இது பதில் இல்ல.

அடுத்து சுகர். நம்ம ஊர்ல எது வந்தாலும் சுகர் மேல பழி போடறது ஒரு பழக்கமா ஆயிடுச்சு, ஆனா அக்கி விஷயத்துல படம் அவ்வளவு தெளிவா இல்ல. பிரிட்டன்ல ஒரு பெரிய ஆய்வு, 2014ல வந்துச்சு, அக்கி வந்த கிட்டத்தட்ட 1 லட்சத்து 45 ஆயிரம் பேரை, வராத அஞ்சரை லட்சம் பேரோட ஒப்பிட்டாங்க. அதுல டைப் 1 சுகர் இருக்கறவங்களுக்கு ரிஸ்க் கொஞ்சம் கூடுச்சு, டைப் 2வுக்கு, அதாவது பெரியவங்களுக்கு வழக்கமா வர்ற சுகருக்கு, கூடவே இல்ல. வேற பல ஆய்வுகள்ல டைப் 2வுக்கும் ஓரளவு கூடுதுன்னுதான் வருது. என் கணிப்பு என்னன்னா, கட்டுப்பாட்டுல இருக்கற சுகரை வச்சு ஒருத்தரை பயமுறுத்த வேண்டியதில்ல, ஆனா 240ங்கற நம்பரை அப்படியே விட்டுடவும் முடியாது. ஏன்னா அந்த அம்மா ஒரு விஷயம் சொன்னாங்க, "எப்பவும் நூத்தி நாப்பது அம்பதுக்குள்ளதான் தம்பி இருக்கும், இந்த ரெண்டு மாசமாத்தான் ஏறிக்கிட்டே போவுது". அதே சோறு, அதே சுகர் மாத்திரை, எடை கூடல, அப்ப எது ஏத்துச்சு?

அதுக்கப்புறம்தான் அந்த மஞ்சப்பை. என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டா எல்லாரும் சொல்றது "சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை", அவ்வளவுதான், மூட்டு வலி மாத்திரை கணக்குலயே வராது. அதனால பையைக் கொட்டச் சொல்றதுதான் பழக்கம். கல்யாண மண்டபத்துல தாம்பூலம் குடுத்த மஞ்சப்பை, அதுல இருந்து விழுந்தது: சுகருக்கு மெட்ஃபார்மின், முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடற மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் ஆசிட், நாலா மடிச்சு மடிப்பெல்லாம் கிழிஞ்சுபோன மூட்டு டாக்டரோட பழைய சீட்டு, அப்புறம் கத்தரிக்கோலால வெட்டுன ப்ரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரையோட துண்டு அட்டைங்க. சீட்டுல எழுதியிருந்தது 5 மி.கி., காலையில ஒண்ணு, படிப்படியா குறைக்கணும்னும் எழுதியிருக்கு. அட்டையில இருந்தது 10 மி.கி. ஒரு நாளைக்கு எத்தனைம்மான்னா, "வலி ஜாஸ்தியா இருந்தா ரெண்டு". எப்பெல்லாம் ஜாஸ்தின்னா, "அவரு போனதுல இருந்து தெனமும்தான்".

20 மி.கி. ஸ்டீராய்டு, தினமும், ரெண்டு மாசத்துக்கு மேல. மெடிக்கல்ல சீட்டு கேக்கலையான்னு மகனைக் கேட்டேன், தெரிஞ்ச கடை சார், அட்டையைக் காட்டுனா குடுத்துடுவாங்கன்னாரு.

இங்கதான் கேஸே இருக்கு. முடக்குவாதமே ஒரு ரிஸ்க், மேல சொன்ன பிரிட்டன் ஆய்வுல முடக்குவாதம் உள்ளவங்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஏன்னா நோயெதிர்ப்பு அமைப்பே தாறுமாறா ஓடுற நோய் அது. அதுக்கு குடுக்கற மருந்து எல்லாம் ஒரே மாதிரி இல்ல. மெத்தோட்ரெக்சேட்டைப் பாத்து நிறைய பேர் பயப்படுவாங்க, ஆனா குறைஞ்ச அளவுல வாரம் ஒரு தடவை எடுக்கற அந்த மாத்திரை தனியா அக்கியை பெரிசா கூட்டுதுன்னு தெளிவா வரல. ஸ்டீராய்டு கூட்டுது, அதுவும் அளவுக்கு ஏத்த மாதிரி. ஜெர்மனியில முடக்குவாத நோயாளிகளோட பதிவேட்டை வச்சு 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரு நாளைக்கு 10 மி.கி.யும் அதுக்கு மேலயும் எடுத்தவங்களுக்கு அக்கி ரிஸ்க் சுமார் ரெண்டரை மடங்கு. இந்த அம்மா எடுத்தது 20. ஸ்டீராய்டு டி செல்லுங்களைத்தான் மொதல்ல அமுக்கும், வைரஸுக்கு காவல் இருக்கறதும் அதே டி செல்லுங்கதான், காவக்காரனுக்கு தூக்க மாத்திரை குடுத்த கதை. சுகர் 240க்கு ஏறுனதுக்கும் பதில் இதேதான், ஸ்டீராய்டு சுகரை ஏத்தும்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்துன்னு யாரும் இதப் படிச்சுட்டு முடிவுக்கு வந்துடாதீங்க, அது இல்லாம எத்தனையோ உசுரு நிக்காது, ரெண்டு மாசமா சாப்பிட்டத திடீர்னு நிறுத்துனாலும் ஆபத்துதான், உடம்பு தானா ஸ்டீராய்டு சுரக்கறதை மறந்திருக்கும், பிரஷர் இறங்கி மயங்கி விழுந்துடுவாங்க. இந்த அம்மாவுக்கும் அன்னைக்கு நிறுத்தல, மூட்டு டாக்டர்கிட்ட போன்ல பேசி வாரவாரம் இறக்கறதுக்கு சீட்டு எழுதி, மெத்தோட்ரெக்சேட்டை மட்டும் கொப்புளம் காயற வரைக்கும் தள்ளி வச்சோம்.

இப்ப தங்கச்சி சொன்ன காரணத்துக்கு வருவோம், துக்கம். கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு, அக்கி வந்தவங்க பாதிப் பேர் "அப்ப ரொம்ப டென்ஷன்ல இருந்தேன்"னு சொல்லுவாங்க. ஆனா டென்மார்க்லயும் பிரிட்டன்லயும் கணவனையோ மனைவியையோ பறிகொடுத்தவங்களை மட்டும் தனியா எடுத்து, அவங்களுக்கு அக்கி கூடுதலா வருதான்னு பாத்தாங்க, கூடல. மன அழுத்தத்தை வேற வேற மாதிரி அளந்த சில ஆய்வுல லேசா கூடுது, மனச்சோர்வு நோய் இருக்கறவங்களுக்கும் லேசா கூடுது. மொத்தத்துல அடிச்சுச் சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல.

அப்ப தங்கச்சி சொன்னது தப்பான்னா, அப்படியும் சொல்ல மாட்டேன். நடந்தது என்னன்னு அடுக்கிப் பாருங்க. வீட்டுக்காரர்தான் இவங்களை மூணு மாசத்துக்கு ஒரு தடவை பஸ்ல கூட்டிட்டுப் போய் மூட்டு டாக்டர்கிட்ட காட்டுவாராம். அவர் போனப்புறம் அந்தப் போக்கு நின்னுடுச்சு. காரியம், சொந்தக்காரங்க கூட்டம், தரையில படுக்கறது, மெத்தோட்ரெக்சேட் சில வாரம் விட்டுப்போச்சு, மூட்டு வீங்கிக்கிச்சு. வீங்குனதுக்கு இவங்களே ஸ்டீராய்டை ஒண்ணு ரெண்டாக்கிட்டாங்க, உடனே கை மடங்குது, அடுப்படி வேலை ஓடுது, அதனால அதுவே பழகிடுச்சு. துக்கம் நேரா நரம்பு முடிச்சுக்குள்ள போய் வைரஸை எழுப்பல, பஸ்ஸையும் சீட்டையும் மாத்திரையையும் தொட்டுக்கிட்டு சுத்தி வந்து எழுப்பியிருக்கு. ரிஸ்க் ஃபேக்டர்னு லிஸ்ட் போட்டா வயசு, பொம்பளை, சுகர், முடக்குவாதம், ஸ்டீராய்டு, மன அழுத்தம்னு தனித்தனி வரியா வந்து நிக்கும், ஆளைப் பாத்தா எல்லாம் ஒண்ணை ஒண்ணு புடிச்சு இழுத்துக்கிட்டு வருது. என் பார்வையில இந்தக் கேஸ்ல மாத்த முடிஞ்ச ஒரே இடம் அந்த வெட்டுன அட்டைதான்.

மத்த ரிஸ்க் எல்லாம் இவங்களுக்கு இருக்கான்னு பாத்தோமான்னு கேப்பீங்க. பாத்தோம். ரத்தப் புற்றுநோய், லிம்ஃபோமாங்கற நிணநீர்ப் புற்றுநோய், கீமோ, உறுப்பு மாத்துனவங்க, இவங்களுக்கெல்லாம் ரிஸ்க் ரொம்ப மேல, பிரிட்டன் ஆய்வுல லிம்ஃபோமாவுக்கு கிட்டத்தட்ட நாலு மடங்கு. இவங்க ரத்த அணுக்கள் சரியா இருந்துச்சு, எடை குறையல, கட்டி எதுவும் இல்ல. "உள்ள கேன்சர் இருந்தாதான் அக்கி வருமாமே, ஸ்கேன் எடுத்துடலாமா"ன்னு மகன் யூட்யூப் பாத்துட்டு கேட்டாரு, வேற அறிகுறி எதுவும் இல்லாம அக்கி வந்ததை மட்டும் வச்சு கேன்சர் தேடறது வீண் செலவுன்னு சொன்னேன். எச்ஐவி இருந்தா அக்கி பல மடங்கு, இளவயசுல ஒருத்தருக்கு அக்கி வந்தாலோ, ரெண்டு மூணு நரம்புப் பாதையில பரவி வந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ கூச்சப்படாம டெஸ்ட் எடுத்துடணும், இவங்களுக்கும் கேட்டு சம்மதம் வாங்கி எடுத்தோம், நெகட்டிவ். நாள்பட்ட நுரையீரல் நோய், ஆஸ்துமா, கிட்னி நோய் இதெல்லாம் லேசா கூட்டற ரகம், இவங்களுக்கு இல்ல. கொரோனா வந்து போனப்புறம் அம்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு அக்கி 15 சதவீதம் கூடுதலா வந்துச்சுன்னு 2022ல ஒரு அமெரிக்க ஆய்வு சொல்லுச்சு, இவங்களுக்கு சமீபத்துல காய்ச்சலே இல்ல. ஒரு வயசுக்குள்ளயே அம்மை வந்த குழந்தைங்களுக்கு சின்ன வயசுலயே அக்கி வரலாம், அது இங்க சம்பந்தமில்லாத தனிக்கதை.

பத்து நாள்ல கொப்புளம் பூரா பொருக்கு தட்டிடுச்சு. வலி போகல. மூணு மாசம் தாண்டியும் ஜாக்கெட் பட்டா எரியுதுன்னாங்க, 90 நாளுக்கு மேல நிக்கற இந்த வலியை அக்கிக்குப் பின்னான நரம்பு வலிங்கறோம், வயசு ஏற ஏற இது வர்ற வாய்ப்பும் ஏறும், ஆரம்பத்துலயே வலி கடுமையா இருந்தவங்களுக்கு இன்னும் அதிகம். நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் மாத்திரையை ராத்திரிக்கு கொஞ்சமா ஆரம்பிச்சு ஏத்துனோம், முதல் வாரம் காலையில தலை சுத்தி வாசப்படியில தடுமாறுனாங்கன்னு மருமக சொன்னதால அளவை பாதியா குறைச்சு மெதுவா போனோம். இப்ப தூக்கம் வருது, எரிச்சல் பாதி குறைஞ்சிருக்கு. ஸ்டீராய்டு 5க்கு வந்துடுச்சு, சுகர் தானா 150க்குக் கீழ இறங்கிடுச்சு.

அதுக்குள்ள அடுத்த முடிவு வந்து நின்னுச்சு. மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதல, முடக்குவாதத்துக்கே டோஃபாசிட்டினிப்னு இன்னொரு மருந்து ஆரம்பிக்கலாம்னு மூட்டு டாக்டர் நினைக்கறாரு. நல்ல மருந்து, வாய் வழி மாத்திரை, ஆனா அக்கி விஷயத்துல இந்த வகை மருந்துங்க பேர் வாங்குனது, முடக்குவாதத்துக்குப் போடற பயாலஜிக் ஊசி மருந்துகளை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு ரிஸ்க், அதுலயும் ஜப்பான், கொரியா நோயாளிங்ககிட்ட ரொம்ப அதிகமா பாத்திருக்காங்க. ஒரு தடவை அக்கி வந்துட்டா மறுபடி வராதுன்னு இல்ல, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு வரத்தான் செய்யுது. அதனால தடுப்பூசி போட்டுட்டு அப்புறம் மாத்திரையைத் தொடலாம்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணோம். ஷிங்ரிக்ஸ்ங்கற அக்கி தடுப்பூசி இந்தியாவுக்கு 2023லதான் வந்துச்சு. உயிருள்ள வைரஸ் இல்ல, வைரஸோட ஒரே ஒரு புரதமும் அதுகூட எதிர்ப்பைத் தூண்ட ஒரு சேர்மானமும், அதனால ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட் எடுக்கறவங்களுக்கும் போடலாம். 2015ல வந்த பெரிய சோதனையில அம்பது வயசுக்கு மேல ஆரோக்கியமா இருந்தவங்கள்ல 97 சதவீதம் தடுத்துச்சு, நோயெதிர்ப்பு குறைஞ்சவங்களுக்கு அவ்வளவு வராது, ஆனாலும் நல்லாவே வேலை செய்யுது. சாதாரணமா ரெண்டு டோஸுக்கு நடுவுல ரெண்டுல இருந்து ஆறு மாசம், இவங்க மாதிரி ஆளுங்களுக்கு ஒண்ணு ரெண்டு மாசத்துலயே ரெண்டாவதை முடிச்சுடலாம்.

விலைதான் இடிக்குது. ஒரு டோஸ் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி. சத்துணவு பென்ஷன்ல அது நடக்கற காரியமா? நான் இத எல்லா 50 வயசுக்காரங்களுக்கும் போடுங்கன்னு சொல்றதில்ல, காசு இருந்தா போட்டுக்கங்க, ஆனா டோஃபாசிட்டினிப், கீமோ, கிட்னி மாத்தறது மாதிரி ஏதாவது ஆரம்பிக்கப் போறவங்ககிட்ட "முதல்ல இந்த ஊசி"ன்னு சொல்லாம விடறது எனக்கு ஒப்புதல் இல்ல. ரெண்டு மகனும் ஆளுக்கொரு டோஸ்னு பிரிச்சுக்கிட்டாங்க. முதல் டோஸ் போட்டாச்சு, ரெண்டு நாள் கை வலி, ஒரு ராத்திரி காய்ச்சல், அவ்வளவுதான்.

அந்த ஊசி போட வந்த அன்னைக்கு தங்கச்சியும் வந்திருந்தாங்க. 55 வயசு. "எங்கம்மாவுக்கும் வயசான காலத்துல இடுப்புல அக்கி வந்துச்சு, இப்ப அக்காவுக்கு, எனக்கும் வருமா சார்?" கூடப்பிறந்தவங்க, பெத்தவங்களுக்கு வந்திருந்தா நமக்கும் வாய்ப்பு கூடுதுன்னு பல ஆய்வுல வந்திருக்கு, அதனால கேட்டது நியாயமான கேள்விதான். சுகர் இல்ல, வேற எந்த வியாதியும் இல்ல, ஒரு மாத்திரையும் சாப்பிடறதில்லன்னாங்க. மூட்டு வலி? "முட்டி மட்டும் கொஞ்சம் வலிக்கும், அதுக்கு அக்கா பையில இருந்து அப்பப்ப ஒண்ணு எடுத்துப் போட்டுக்குவேன்". எந்த மாத்திரைன்னு காட்டச் சொன்னேன், அவங்க எடுத்துக் காட்டுனதும் அதே 10 மி.கி. அட்டைதான்.

அடுத்த வாரம் அவங்க முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கணும், சுகர் பாக்கணும். மிச்சமிருந்த 10 மி.கி. அட்டைங்களை மகன்கிட்டயே குடுத்து, இனிமே புதுச் சீட்டு இல்லாம ப்ரெட்னிசோலோன் குடுக்க வேணாம்னு அந்த மெடிக்கல்ல சொல்லிட்டு வரச் சொல்லியிருக்கு.